கீழ்வேளூர் பிஸ்டலின் பிறந்த ஊர்

தஞ்சாவூரில் அப்பா வைத்திருந்த துப்பாக்கிக் கடையை நான் எடுத்து நடத்துகிறேன் என்று சொன்னபோது வீட்டில் யாரும் எதிர்க்கவில்லை. எதிர்ப்பதற்கு ஆளும் இல்லை. அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய் அங்கேயே வீடு வாங்கிவிட்டான். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். அப்பாவுக்குக் கண்ணில் புரை விழுந்து, தோட்டாப் பெட்டியின் மேல் இருக்கும் எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. நானோ பௌதிகத்தில் வாங்கிய பட்டத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, குத்தாலத்தில் மாமியார் வீட்டில் நெல் அவித்துக்கொண்டிருந்தேன்.

லைசென்ஸை என் பெயருக்கு மாற்றக் கலெக்டர் ஆபீசுக்குப் போனபோது அங்கிருந்தவர், வீட்டுக்காரர் பெயரிலேயே போட்டுவிடலாமே என்றார். அவர் மஸ்கட்டில் இருக்கிறார், கடை தஞ்சாவூரில் இருக்கிறது என்றேன். அவர் படிவத்தில் என் பெயரை எழுதினார்.

புதுத் துப்பாக்கி வாங்க வருகிறவர்கள் குறைந்து, வைத்துவிட்டுப் போகிறவர்கள் கூடிப்போன காலம் அது. மேட்டூரில் தண்ணீர் திறப்பது ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போயிற்று. குறுவையை நம்பியிருந்தவர்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குக் கிளம்பினார்கள். வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுக்கலாம். துப்பாக்கியை அப்படிக் கொடுக்க முடியாது. சட்டப்படி அதை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோதான் ஒப்படைக்க வேண்டும். அப்படி வந்து சேர்ந்தவற்றில் பெரும்பாலானவை வயலில் கிளி விரட்டுகிற ஒற்றைக்குழல் துப்பாக்கிகள். நடுநடுவே எந்த ஊர் சரக்கென்றே தெரியாத பழைய பிஸ்டல்களும் வரும். இரண்டு உலக யுத்தங்களும் முடிந்த பிறகு, மிஞ்சியதை ராணுவங்கள் விற்றுத் தள்ளின. அவை பல கை மாறி, கடைசியில் டெல்டாவில் ஏதோ ஒரு வீட்டு அலமாரியில் வேட்டிகளுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டன.

எனக்கு அவற்றின் மேல்தான் ஆசை. எந்த இரும்பிலும் யாராவது ஏதாவது அடித்து வைத்திருப்பார்கள். ஓர் அம்புக்குறி, ஒரு கிரீடம், இரண்டு எழுத்து, எண்ணெய்ப் பிசுக்கில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பூ. துடைத்து, லென்ஸை வைத்துப் பார்த்தால் அது எங்கே செய்தது, எந்தப் பட்டாளத்துக்குப் போனது என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் துலங்கும். மஸ்கட்டில் பழைய புத்தகக் கடைகளில் இந்த முத்திரைகளைப் பற்றிய புத்தகங்களைத் தேடி வாங்கி, ஊருக்கு வருகிறவர்களிடம் என் வீட்டுக்காரர் கொடுத்தனுப்புவார். அவரோடு தங்கியிருந்தவர்கள், உங்க சம்சாரம் போலீஸா என்று கேட்டார்களாம். இல்லை, போலீஸுக்கே சொல்லிக்கொடுப்பாங்க என்று இவர் அளந்துவிட்டிருக்கிறார். அப்போது அது வெறும் பெருமையடிப்புதான்.

ஒரு தேர்தல் நேரத்தில் அந்த அம்மா வந்தார்கள். தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் வைத்திருக்கிற எல்லோரும் ஆயுதத்தை ஒப்படைத்தாக வேண்டும். கீழ்வேளூர்ப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் ரைஸ் மில் நடத்துகிறவர்கள் அவர்கள். ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, மில் வேனில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்திறங்கினார்கள். பின்னாலேயே பஸ்ஸில் ஓர் ஏட்டு, துணியில் சுற்றி அரக்கு வைத்த பொட்டலத்தோடு வந்தார்.

நடந்ததை அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்கள். பிஸ்டல் அவர்களுடைய வாப்பாவுடையது. வாப்பா மௌத்தான பிறகு, அண்ணன் தம்பி எல்லோரும் துபாயிலும் சவூதியிலும் இருந்ததால், லைசென்ஸை இவர்கள் பெயருக்கே மாற்றிக்கொண்டார்கள். வீட்டுக்காரரும் உயிரோடு இல்லை. மகன்கள் ஷார்ஜாவில். மில்லில் நெல் மூட்டையும் ரொக்கமும் புழங்குகிற இடத்தில் ஒரு பொம்பளை தனியாக இருக்கிறாள் என்பதால் அதிகாரிகளும் மறுக்கவில்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் கொண்டுபோய் வைப்பதும் திருப்பி வாங்குவதுமாக நடந்துகொண்டிருந்தது. இந்த முறை புதிதாக வந்திருந்த அதிகாரி லைசென்ஸையும் பிஸ்டலையும் மாறி மாறிப் பார்த்தாராம். லைசென்ஸில் இங்கிலாந்துத் தயாரிப்பு என்று இருக்கிறது. இந்தப் பிஸ்டல் இங்கிலாந்து மாதிரி தெரியவில்லையே, அசல் எங்கே என்று கேட்டிருக்கிறார். அசலை விற்றுவிட்டு, அதே நம்பரை வேறொன்றில் அடித்து வைத்திருக்கிறார்கள் என்பது அவருடைய சந்தேகம். முறையான கடைக்காரர் ஒருவரிடம் அபிப்பிராயம் வாங்கி வரச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"ஊர்ல ஒரு பேச்சு இருக்கு. வேற யாராச்சும் வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றார்கள் அந்த அம்மா. ஏட்டு வெளியே டீ குடிக்கப் போயிருந்தார்.

வெள்ளைக்காரன் காலத்தில் சர்வே எடுக்க வந்த துரை ஒருவர் வெட்டாற்றில் பிணமாக மிதந்தாராம். அவர் இடுப்பில் இருந்த பிஸ்டல்தான் இது. அதை எடுத்துக்கொண்டு வாப்பா சைகோனுக்கு ஓடிவிட்டார். துரைமார்கள் எல்லாம் போன பிறகுதான் திரும்பினார். ஊரில் கதை இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. லைசென்ஸில் இங்கிலாந்து என்று இருந்தது கதைக்கு இன்னும் தோதாகப் போயிற்று. வாய்க்காலில் முறைத் தண்ணீருக்குச் சண்டை வந்தால், துரையைக் கொன்ற வீடுதானே என்று யாராவது எடுத்துவிடுவார்கள். இந்த அம்மாவுக்கு முதலில் பேசிய சம்பந்தம் ஒன்றும் அதனாலேயே முறிந்திருக்கிறது. வாப்பாவிடம் கேட்டால் சிரிப்பாராம். சொல்லிட்டுப் போகட்டும், எவனும் நம்ம சுவர் ஏறிக் குதிக்க மாட்டான் என்பாராம்.

"அவங்களுக்கு அது வெளையாட்டா இருந்துச்சு. எனக்கு அப்படி இல்லம்மா" என்றார்கள்.

நான் அரக்கை உடைத்து, பிஸ்டலை மேசைமேல் வைத்தேன். தோட்டா இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு மேலே முன்பின் நகரும் ஸ்லைடைக் கழற்றினேன். முதல் பார்வைக்குப் பெல்ஜியம் சரக்குபோல இருந்தது. ஆனால் பெல்ஜியத்தில் அந்த மாதிரியில் தவறி வெடிக்காமல் தடுக்கிற சேஃப்டி பின்கோடியில் இருக்கும். இதில் டிரிகருக்கு நேர்மேலே, நடுவில் இருந்தது. யாரோ பெல்ஜியத்தைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். கைப்பிடியின் அடியில் கயிறு கோக்கிற ஒரு வளையம் இருந்தது. வீட்டுக்கு வாங்குகிற பிஸ்டலில் அது இருக்காது. குதிரைமேல் போகிறவனும் பதுங்குகுழியில் உருளுகிறவனும் ஆயுதம் தவறி விழாமல் இருக்கக் கழுத்தில் கயிறு போட்டு மாட்டிக்கொள்வார்கள். ஆகவே இது பட்டாளத்துச் சாமான்.

ஆனால் இங்கிலாந்துப் பட்டாளத்துச் சாமான் என்றால் எங்காவது ஓர் அம்புக்குறி இருக்க வேண்டும். மரப் பிடியைக் கழற்றி, பேரல் என்கிற குழலைத் திருப்பி, ஒவ்வோர் இடமாகத் தேடினேன். அம்பும் இல்லை, கிரீடமும் இல்லை. ஸ்லைடின் பக்கத்தில் மட்டும் சுத்தமான ஆங்கிலத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினான்காம் ஆண்டு மாடல் ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்று பொறித்திருந்தது. லைசென்ஸ் எழுதியவர் இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்து என்று போட்டிருக்க வேண்டும். அதற்கு முன்னால் குழலின் அளவு, ஏழு, பிறகு அறுபத்தைந்து.

அந்த இடத்தில் லென்ஸை நகர்த்தாமல் வெகுநேரம் பார்த்தேன். ஏழுக்கும் அறுபத்தைந்துக்கும் நடுவில் இருந்தது புள்ளி இல்லை. வால் வைத்த கமா. இங்கிலீஷ்காரன் தசமத்துக்குப் புள்ளி வைப்பான். பிரான்சு, ஸ்பெயின், இத்தாலிப் பக்கத்தில்தான் கமா வைப்பார்கள். கல்லூரியில் எங்கள் ஆய்வகத்தில் இருந்த ஒரு பழைய கருவியில் அப்படித்தான் இருந்தது. அளவை எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்து நாங்கள் குழம்பியிருக்கிறோம். பீரோவில் பூட்டி வைத்த படிப்பு அன்றைக்கு அங்கே வந்து நின்றது. இங்கிலீஷ் தெரியாத ஒருவன், உலகச் சந்தைக்காக இங்கிலீஷில் பொறித்திருக்கிறான். வார்த்தையைச் சரியாகப் போட்டுவிட்டான். கை மட்டும் தன் ஊர் வழக்கப்படி கமாவைப் போட்டுவிட்டது.

அதன் பிறகு மற்றது மளமளவென்று வந்தது. பின்பக்கத்தில் ஒரு முட்டை வடிவ வட்டத்துக்குள் இரண்டு எழுத்துகள். பக்கத்தில் ஐந்து முனையுள்ள ஒரு சின்ன நட்சத்திரம். முதல் உலக யுத்தத்தில் பிரெஞ்சு ராணுவத்துக்குப் பிஸ்டல் போதாமல் போயிற்று. ஸ்பெயினில் ஒரு மலையூரில் இருந்த சின்னச் சின்னப் பட்டறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே மாதிரியைச் செய்யச் சொல்லி ஆர்டர் கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். எந்தப் பட்டறை செய்தது என்று காட்டத்தான் எழுத்து. ராணுவம் சரிபார்த்து எடுத்துக்கொண்டதற்கு நட்சத்திரம். தோட்டாக்களை அடுக்குகிற மேகசினை உருவி அதன் அடியைப் பார்த்தேன். அதிலும் இரண்டு எழுத்து இருந்தது, ஆனால் வேறு இரண்டு எழுத்து. ஒரு பட்டறையின் மேகசின் இன்னொரு பட்டறையின் பிஸ்டலில் மாட்டாது. இதில் மாட்டியது. ஏனென்றால் யாரோ அதன் விளிம்பை அரத்தால் ராவியிருந்தார்கள். பழைய ராவல், மேலே கறுத்துப் போயிருந்தது.

எனக்கு நிச்சயமாகிவிட்டது. இருந்தாலும் ஒரு குடும்பத்தின் பெயர் அதில் மாட்டிக்கொண்டிருக்கும்போது என் புத்தியை மட்டும் நம்பி எழுத மனம் வரவில்லை. எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படிவம் எடுத்துக்கொண்டேன். மறுநாள் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். தேர்வு முடிவு பார்க்கிற மாணவர்களுக்கு நடுவில் நான் ஒருத்திதான் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பழைய ஆயுதம் சேகரிக்கிறவர்கள் கூடுகிற ஒரு குழு இணையத்தில் இருந்தது. படிவத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். என் முடிவையும் சேர்த்தே எழுதினேன். ஸ்பெயினில் செய்தது, பிரெஞ்சு ராணுவம் எடுத்தது, மேகசின் வேறு பட்டறையுடையது. தவறிருந்தால் திருத்துங்கள்.

ஒருவர் பெல்ஜியம் என்றார். இன்னொருவர் போலி என்றார். கடைசியாக அந்த மலையூரிலிருந்தே ஒருவர் எழுதினார். எனக்கும் அவருக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை என்பதால் எளிதாகப் புரிந்தது. நீங்கள் சொன்னது எல்லாம் சரி. இந்த எழுத்து வைத்திருந்த பட்டறை எங்கள் ஊரில் ஆற்றங்கரைத் தெருவில் இருந்தது. அதன் கட்டடம் இன்னும் நிற்கிறது என்று எழுதியிருந்தார். இது இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்றும் கேட்டிருந்தார். கீழ்வேளூர் என்று எழுதி, அது எங்கே இருக்கிறது என்று விளக்குவதற்கு நாகப்பட்டினம், வங்காள விரிகுடா என்று தொடங்கி ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. வெளியே வந்து வெயிலில் நின்றபோது எனக்குச் சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல இருந்தது. தஞ்சாவூரில் உட்கார்ந்து, கையிலிருந்த இரும்பை மட்டும் பார்த்துச் சொன்னது, ஸ்பெயினில் ஒருவரால் சரியென்று திரும்பி வந்திருக்கிறது.

நாகப்பட்டினத்துக்கு அந்த அம்மாவோடு நானே போனேன். சந்தேகப்பட்ட அதிகாரி ஆளைப் பார்த்ததும் விரட்டுகிறவராக இருப்பார் என்று நினைத்திருந்தேன். அவர் நாற்காலி போடச் சொல்லிவிட்டு, பிஸ்டலை என் பக்கம் தள்ளினார்.

"உங்க சந்தேகம் சரிதான் சார். இது இங்கிலாந்து இல்லை. ஆனா இது வேற பிஸ்டலும் இல்லை" என்றேன்.

லென்ஸைக் கொடுத்து முதலில் கமாவைக் காட்டினேன். பிறகு நம்பர். அது ஸ்லைடில் இருந்தது, அடிச்சட்டத்தில் இருந்தது. கழற்றினால் மட்டுமே தெரிகிற பேரலின் அடிப்பக்கத்திலும் இருந்தது. மூன்று இடத்திலும் அந்த நம்பரில் இருந்த ஐந்தின் வால் ஒரே மாதிரி கோணிக்கொண்டு நின்றது. ஒரே அச்சு, ஒரே காலம். பின்னால் எவனாவது மாற்றி அடித்திருந்தால் உள்ளே இருக்கிற நம்பர் காட்டிக்கொடுத்திருக்கும். அவர் ஒவ்வொன்றையும் தானே பார்த்தார். ராவிய மேகசினைப் பற்றிக் கேட்டார், அதையும் சொன்னேன். பிறகு லைசென்ஸை எடுத்து, இங்கிலாந்து என்று இருந்த இடத்தைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். தன் கண்ணும் பொய் சொல்லவில்லை என்பதில் அவருக்கும் ஒரு திருப்தி தெரிந்தது. என் அபிப்பிராயத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு, லைசென்ஸில் திருத்தம் போட ஏற்பாடு செய்தார்.

வெளியே வேனில் ஏறியதும் அந்த அம்மா கேட்டார்கள், வாப்பா கைக்கு இது எப்படி வந்தது என்று. அதை இரும்பு சொல்லாது என்றேன். எங்கே பிறந்தது, யாரிடம் போனது என்பது வரைதான் அதில் இருக்கிறது. பிரெஞ்சுப் பட்டாளத்து முத்திரை இருப்பதால், இங்கிலீஷ் துரை இடுப்பில் இருந்திருக்க வழியில்லை என்பது மட்டும் தெரிகிறது. அவர்கள், பிரெஞ்சுக்காரன் ஆண்ட சைகோனில் வாப்பா துணிக்கடையில் இருந்ததையும், டீ வாங்கும்போதெல்லாம் மெர்சி என்று சொல்வதையும் சொன்னார்கள். வாப்பாவின் செல்லப் பேச்சு என்று அதை வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்களாம். பிரெஞ்சில் அதற்கு நன்றி என்று அர்த்தம் என்றேன்.

வேனை வீட்டுக்கு விடாமல் காரைக்காலுக்கு விடச் சொன்னார்கள்.

காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களைச் சொல்தா என்பார்கள். இந்த அம்மாவுக்குத் தூரத்து உறவில் அப்படி ஒரு முதியவர் இருந்தார். சைகோனில் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவர். காது கொஞ்சம் மந்தம். வாப்பாவை அவருக்கு நினைவில்லை. சைகோனில் அந்தத் தெருவில் நம் ஆட்களின் துணிக்கடை வரிசையாக இருந்தது, எத்தனை பேரை ஞாபகம் வைப்பது என்றார். நான் பிஸ்டலைக் கொண்டுபோகவில்லை. அந்த மாதிரியை வாயால் விவரித்து, கயிறு வளையம், வட்டத்துக்குள் எழுத்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மேகசினைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அதுல மேகசின் மாட்டாதே. ராவித்தானே விட்டுருக்கு?"

அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

கிடங்கில் அவை குவியலாகக் கிடந்ததாம். எந்த மேகசின் எதற்கு என்று யாருக்கும் தெரியாது. புதுச் சாமான் வந்ததும் பழசை விற்றுவிடும்படி மேலிடத்தில் சொன்னார்கள். இரவில் கடையிலேயே படுக்கிற வியாபாரிகள் அனுமதி வாங்கிக்கொண்டு வருவார்கள். கிடங்கில் இருந்தவர்கள் கைக்கு வந்த மேகசினை ராவி மாட்டிக் கொடுப்பார்கள். நானே எத்தனையோ ராவியிருக்கிறேன் என்றார். இது அவர் ராவியதுதானா என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்றே சொல்லியிருப்பார், அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். எங்களுக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. கடைக்காரர் ஒருவர், பட்டாளம் விற்ற பழைய சாமானை அனுமதியோடு வாங்கி, ஊர் திரும்பும்போது கொண்டுவந்திருக்கிறார். வெட்டாற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அந்த வருஷம் சம்பா அறுவடை சமயத்தில் மில்லில் நெல் கொண்டுவந்தவர்கள் நிறைய பேர் கூடியிருந்தபோது, அந்த அம்மா இதை எல்லோரிடமும் சொன்னார்களாம். சண்டை போடவில்லை, யாரையும் பெயர் சொல்லிக் குத்தவில்லை. துரை எப்படிச் செத்தாரோ அல்லாவுக்குத்தான் தெரியும், எங்க வாப்பா பிஸ்டல் ஸ்பெயின்ல பொறந்தது, பிரெஞ்சுக்காரன்கிட்ட காசு குடுத்து வாங்குனது, சர்க்காரே எழுதிக் குடுத்துருக்கு, வேணும்னா வந்து பாருங்க என்று சொல்லிவிட்டு எடைத்தட்டைப் பார்க்கத் திரும்பிவிட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் துரை கதை என்ன ஆவது என்று முணுமுணுத்திருக்கிறார். அது நல்ல கதைதான், அவருக்கு வருத்தம் இருக்கத்தானே செய்யும் என்று இவர்கள் என்னிடம் சொல்லிச் சிரித்தார்கள்.

ஷார்ஜாவிலிருந்து மகன்கள், இவ்வளவு அபூர்வமானது என்றால் நல்ல விலைக்குப் போகுமே, விற்றுவிடலாமே என்று போனில் சொன்னார்களாம். ஐ.எஸ்.டி. பூத்தில் நின்றுகொண்டு அந்த அம்மா சொன்ன பதிலை என்னிடம் அப்படியே திருப்பிச் சொன்னார்கள். "ஒங்க பாட்டனார் கடல் தாண்டிப் போய் ஒழைச்சுக் கொண்டாந்தது. நீங்களும் கடல் தாண்டித்தான் போயிருக்கீங்க. வித்துத் திங்கறதுக்கு இதுதான் கெடச்சுதா?"

அதன் பிறகு எனக்கு வேலை வேறு மாதிரி வந்தது. அடையாளம் தெரியாத ஆயுதம் எது வந்தாலும் நாகப்பட்டினத்து அதிகாரி என்னைத் தேடினார். அவர் திருவாரூரில் யாருக்கோ சொல்லியிருக்கிறார், அங்கிருந்து மயிலாடுதுறைக்குப் போயிருக்கிறது. பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பம் ஒன்றில் ஒரு ஜப்பான் பிஸ்டல். பிடியின் திருகாணியில் இருந்த பூவை வைத்துச் சொன்னேன். வட ஆப்பிரிக்காவில் சண்டை போட்டுவிட்டு வந்தவர் வீட்டில் இத்தாலி விமானப்படையின் கழுகு முத்திரையோடு ஒன்று. ஒன்றிரண்டு முறை தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்ததும் உண்டு. தெரியவில்லை என்று நான் எழுதுவதாலேயே, தெரியும் என்று எழுதும்போது நம்பினார்கள்.

வீட்டுக்காரர் விடுமுறையில் வந்திருந்தபோது ஒரு மதியம் கடையில் உட்கார்ந்திருந்தார். ஜீப் ஒன்று வந்து நின்றது. ஒரு பெட்டியோடு இறங்கிய இன்ஸ்பெக்டர் நேராக அவரிடம் போய், இதில் இருக்கிற துப்பாக்கியைக் கொஞ்சம் பார்த்துச் சொல்ல வேண்டும் சார் என்றார். இவர் எழுந்து நின்றார்.

"நான் இல்லீங்க. அவங்கதான்" என்று என்னைக் காட்டிவிட்டு, இன்ஸ்பெக்டருக்கு நாற்காலியைத் தள்ளிப் போட்டார். போலீஸுக்கே சொல்லிக்கொடுப்பாங்க என்று மஸ்கட்டில் அவர் அளந்துவிட்டதை நான் ஞாபகப்படுத்தவில்லை. லென்ஸை எடுத்துத் துடைத்துக்கொண்டு பெட்டியைத் திறக்கச் சொன்னேன்.